மேடில்லாத ஊரில் ஒரு மேடு: ட்ரெட்மில்லில் பலனோடு நடப்பது எப்படி?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கரையோர வீதியில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், அந்த வழியில் காலுக்கு ஏற்றம் என்று ஒன்று வருவது பாலங்களில் மட்டும்தான். கல்லடிப் பாலம், ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு. அவற்றை விட்டால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தட்டையான மணல். வாவி கடந்து படுவான்கரைக்குப் போனாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. இந்த மண்ணில் வளர்ந்த நமக்கு நடை என்றாலே சமதரை நடைதான். ட்ரெட்மில் வாங்கி வீட்டு விறாந்தையில் வைத்த பிறகும் அதே நினைப்பில்தான் ஏறுகிறோம். ஏற்றத்துக்கென்றே அந்த மெஷினில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொடாமலே மாதங்கள் போய்விடுகின்றன.

நான் பாடசாலையில் உடற்கல்வி கற்பிப்பவள். ட்ரெட்மில் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி இவற்றில் ஒன்றாவது இருக்கும். கிளினிக்கில் நடக்கச் சொல்லியிருப்பார்கள். விடியற்காலையில் வீதியில் நடக்க நாய்களுக்குப் பயம், படுவான்கரையில் என்றால் யானைக்குப் பயம். பெண்களுக்கு நாலு பேர் பார்க்க வீதியில் வேகமாக நடப்பதில் ஒரு தயக்கமும் உண்டு. அதனால் மெஷின் வருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மாமிக்காக சுவிஸில் இருக்கும் மூத்த மைத்துனர் காசு அனுப்பி வாங்கிக் கொடுத்தார்.

மாமி தவறாமல் நடந்தார். நாளுக்கு அரைமணி நேரம், மணிக்கு 4.5 கிலோமீற்றர் வேகம். ஒரு விடுமுறை நாளில் போயிருந்தபோது மனம் விட்டுச் சொன்னார்: “மூணு மாசமா நடக்கிறன் மகள், ஒண்டும் குறையல்லயே.” சரி மாமி, நடந்து காட்டுங்கள் என்று பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தார். உடம்பு பின்பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி முழுக் கதையும் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். கையை விடச் சொன்னேன். இரண்டு அடி வைத்ததும் தடுமாறி மறுபடியும் பிடித்துக்கொண்டார். வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில், கையை விட்டு நடக்க முடிந்த வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர்தான். திரையில் 4.5 என்று தெரிந்தது பெல்ட்டின் வேகம். மாமியின் உடம்பு அந்த வேலையைச் செய்யவே இல்லை.

நான் விளக்க வருவது இந்த வித்தியாசத்தைத்தான். மெஷின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பது ஒரு கணக்கு. நம் இதயமும் தசையும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது வேறொரு கணக்கு. பலன் கிடைப்பது இரண்டாவது கணக்கில்.

பெல்ட் தானே ஓடுகிறது, அப்படியென்றால் நமக்கு என்ன வேலை?

பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. பெல்ட்டே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது, நாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் போதும், ஆகவே இது வீதியில் நடப்பதற்குச் சமமாகாது என்கிறார்கள். உதயதேவியில் கொழும்புக்குப் போகும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரயில் நிலையத்தை விட்டு மெல்ல ஊரத் தொடங்கும் நேரத்தில், பெட்டிக்குள் பின்பக்கம் பார்த்து அதே வேகத்தில் நடந்தால், பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு நீங்கள் ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும். ஆனால் பெட்டியின் தரையில் நீங்கள் வைத்த ஒவ்வோர் அடியும் முழு அடிதான். உங்கள் காலுக்குத் தெரிவதெல்லாம் பாதத்துக்குக் கீழே இருக்கும் தரை மட்டுமே. ட்ரெட்மில் பெல்ட் அந்த ரயில் பெட்டியின் தரை மாதிரி. கையை விட்டு, நிமிர்ந்து நடந்தால் மணிக்கு 5 கிலோமீற்றர் என்பது மெஷினிலும் 5, வீதியிலும் 5.

வெளியே முன்னேறிப் போகும்போது காற்று நம்மைத் தடுக்கும், மெஷினில் அது இல்லை. இதைச் சரிக்கட்ட 1 வீத ஏற்றம் வைக்க வேண்டும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1996 இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவிய பேச்சு அது. அதில் ஓடியவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள், வேகமும் மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். நடக்கிற வேகத்தில் காற்றின் தடை கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை.

எவ்வளவு சிரமப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி செய்ய வேண்டும். நிமிடக் கணக்கை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். “மிதமான” என்ற சொல்தான் வழுவிப் போய்விடுகிறது. மாமி கிழமைக்கு 210 நிமிடம் நடந்தார். ஆனால் மிதமான அளவில் நடந்த நிமிடங்கள் அதில் மிகக் குறைவு.

மிதம் எது என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. கதைத்துப் பாருங்கள். நடந்துகொண்டே ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிகிறது, ஆனால் தேவாரமோ பாட்டோ பாட முடியவில்லை என்றால் அது மிதம். நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்செடுக்க வேண்டியிருந்தால் கடுமை. வழக்கம்போலக் கதைக்கவும் பாடவும் முடிந்தால், அது உலாத்துதல். உலாத்துவதும் கதிரையில் இருப்பதைவிட நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு மாற வேண்டுமென்றால் அது பழகிய எல்லையை ஒரு சின்ன அடி தாண்ட வேண்டும். பழகியதையே திரும்பத் திரும்பக் கேட்டால் உடம்பு மாறத் தேவையில்லை என்று இருந்துவிடும்.

நாடித் துடிப்பை வைத்தும் அளக்கலாம். 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 45 வயதுக்காரருக்கு அது 175. மிதமான பயிற்சி என்பது அதில் 64 முதல் 76 வீதம், அதாவது நிமிடத்துக்கு 112 முதல் 133 துடிப்பு வரை. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும், அதனால் இதை ஒரு வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனொலோல், பிசோப்ரொலோல் மாதிரிக் குளிசை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம். அந்தக் குளிசைகளின் வேலையே துடிப்பைக் குறைப்பது. உடம்பு நன்றாகச் சிரமப்படும்போதும் எண் குறைவாகவே காட்டும், அந்த எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அவர்களுக்குக் கதைத்துப் பார்க்கும் முறைதான் சரி.

திரையில் வரும் கலோரிக் கணக்கையும் அதிகம் நம்ப வேண்டாம். பல மெஷின்கள் உங்கள் நிறையைக்கூடக் கேட்பதில்லை. கம்பியைப் பிடித்திருக்கிறீர்களா இல்லையா என்பதும் அவற்றுக்குத் தெரியாது.

கையை விடுங்கள்

ட்ரெட்மில்லில் பலன் குறைவதற்கு நான் கண்ட பெரிய காரணம் கைப்பிடி. கம்பியில் கையை ஊன்றினால் உடம்பின் பாரத்தில் ஒரு பகுதி கைக்குப் போய்விடுகிறது. கால் சுமக்க வேண்டியதைக் கம்பி சுமக்கிறது. அதோடு நடக்கும்போது இயல்பாக வீசும் கை வீசாமல் நிற்கிறது, இடுப்பும் தோளும் திரும்புவதில்லை, உடலைச் சமநிலையில் வைக்கும் தசைகளுக்கு வேலையே இல்லை. ஏற்றம் வைத்துவிட்டுக் கம்பியில் தொங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தால் இன்னும் மோசம். பெல்ட் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு உடம்பும் பின்னால் சாய்ந்துவிடுகிறது. பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கோணம் சமதரையில் இருப்பதுபோலவே ஆகிவிடும். ஏற்றம் வைத்ததன் பயன் பெரும்பாலும் போய்விடும்.

கையை விடுவது பயமாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 2.5 என்றாலும் பரவாயில்லை. முதலில் ஒரு கையை விடுங்கள், அப்புறம் மற்றக் கையை. ஒரு விரல் நுனியால் கம்பியைத் தொட்டுக்கொண்டு நடப்பதும் சரி, பாரத்தை ஊன்றாதவரை. மாமிக்கு இதற்குப் பத்து நாள் எடுத்தது. கீழே பெல்ட்டைப் பார்த்து நடந்ததுதான் அவருடைய தடுமாற்றத்துக்குக் காரணம். எதிரே சுவரில் இருக்கும் சாமிப்படத்தைப் பார்த்து நடக்கச் சொன்னேன், அதற்குப் பிறகு கால் தானாக நேரே விழுந்தது. தலை குனிந்தால் தோள் வளையும், தோள் வளைந்தால் அடி பிசகும். கைத்தொலைபேசியை மெஷினில் வைத்து வீடியோ பார்ப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். பார்ப்பதென்றால் தொலைக்காட்சியைக் கண் மட்டத்தில் வையுங்கள்.

முதுமையாலோ நோயாலோ உண்மையிலேயே சமநிலை இல்லாதவர்கள் பிடித்துத்தான் நடக்க வேண்டும், அவர்களுக்கு இது பொருந்தாது. விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிடப் பலன் குறைந்த நடை எவ்வளவோ மேல்.

மேடு என்னும் பொத்தான்

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்த விஷயம். மெஷினில் இன்க்லைன் என்று எழுதியிருக்கும், அல்லது ஒரு மலைச் சரிவின் படம் போட்டிருக்கும். 5 வீதம் என்றால் 100 மீற்றர் நடக்கும்போது 5 மீற்றர் மேலே ஏறுகிற சரிவு. சில மலிவான மெஷின்களில் பொத்தான் இருக்காது, கீழே மெஷினின் கால்களைக் கையால் மாற்றி மூன்று நிலையில் வைக்கலாம். அதுவும் போதும்.

உடற்பயிற்சித் துறையில் வழக்கத்தில் இருக்கும் ஒரு சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் நடக்கும்போது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லிலீற்றர் ஒட்சிசன் தேவைப்படுகிறது. வேகத்தை மாற்றாமல் ஏற்றத்தை 5 வீதமாக்கினால் அது 19 ஐத் தாண்டுகிறது. 10 வீதமாக்கினால் ஏறத்தாழ 27. அதே சமன்பாட்டில் மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் ஓடுபவருக்கும் 27 தான் வருகிறது. அதாவது 10 வீத ஏற்றத்தில் வழக்கமான வேகத்தில் நடப்பவரின் இதயமும் நுரையீரலும், மெல்லோட்டம் ஓடுபவருடையவை செய்யும் வேலையைச் செய்கின்றன. ஆனால் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பு காற்றில் எழும்பித் தரையில் விழுகிறது, முழங்கால் அந்த இடியைத் தாங்க வேண்டும். நடையில் அது இல்லை, ஒரு கால் எப்போதும் பெல்ட்டில் இருக்கும். நாற்பதைத் தாண்டிய, நிறை கூடிய, முழங்கால் நோகிற ஒருவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

60 கிலோ நிறையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரைமணி நேரம் சமதரையில் நடந்தால் சுமார் 105 கலோரி செலவாகும். 5 வீத ஏற்றத்தில் அது 175 அளவுக்கு வரும்.

வைத்தியர்களும் இதே வழியைத்தான் எடுத்தார்கள். நெஞ்சு நோவு என்று போனால் சிலரை ட்ரெட்மில்லில் ஏற்றி, நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுப்பார்கள். அந்தச் சோதனைக்கு அதிகம் பயன்படும் முறையை அமெரிக்காவில் வொஷிங்டன் பல்கலைக்கழக இதய வைத்தியர் ரொபர்ட் புரூஸ் 1960 களில் வகுத்தார். முதல் மூன்று நிமிடத்துக்கு வேகம் மணிக்கு 2.7 கிலோமீற்றர் மட்டும், அது கோயில் வீதியைச் சுற்றி வரும் நடை. ஆனால் ஏற்றம் 10 வீதம். அடுத்த மூன்று நிமிடத்துக்கு வேகம் 4, ஏற்றம் 12 வீதம். அதற்கடுத்து 5.5, ஏற்றம் 14 வீதம். நோயாளியை ஓடவிடாமலே இதயத்துக்குப் படிப்படியாக வேலை கூட்ட அவர் ஏற்றத்தைப் பிடித்தார். இந்த மெஷினின் மூதாதையும் ஏறுகிற மெஷின்தான். 1818 இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர், சிறைக் கைதிகள் படி ஏறுவதுபோல மிதித்துக்கொண்டே இருக்க ஒரு பெரிய சக்கரத்தைச் செய்தார். அவர்களுக்குத் தண்டனையாக இருந்ததை நாம் அளவோடு மருந்தாக எடுத்துக்கொள்கிறோம்.

அளவோடு என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கெண்டைக்கால் ஏற்றத்துக்குப் பழகியதல்ல. முதல் நாளே 8, 10 என்று வைத்தால் மறுநாள் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரும் விறைத்துப்போய்விடும். 1 வீதத்தில் தொடங்குங்கள். அது நோகாமல் போனால் அடுத்த கிழமை 2. ஏற்றத்தில் சின்ன அடியாக வையுங்கள், இடுப்பை மடிக்காமல் முழு உடம்பும் கணுக்காலிலிருந்து துளி முன்னே சாயட்டும். கம்பியைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் ஏற்றம் கூடிவிட்டது, குறையுங்கள்.

5 வீத ஏற்றத்தில் அரைமணி நேரத்துக்கு 2.5 கிலோமீற்றர் நடந்தால் கால் ஏறியது 125 மீற்றர். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 625 மீற்றர். கிரான் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் குடும்பிமலை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றரைச் சற்றுத் தாண்டும். அந்த மலையின் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு கிழமையும் விறாந்தையில் நின்றபடி ஏறலாம் என்று மாணவர்களிடம் சொல்லும்போது அவர்களின் கண் விரிவதைப் பார்த்திருக்கிறேன்.

விரைவும் ஆறுதலும்

ஒரே வேகத்தில் அரைமணி நேரம் நடப்பது பலருக்கு அலுத்துவிடும். ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் வைத்து ஐந்து மாதம் சோதித்த ஒரு முறை இருக்கிறது. மூன்று நிமிடம் விரைவாக, மூன்று நிமிடம் ஆறுதலாக, இப்படி ஐந்து சுற்று. மொத்தம் அரைமணி நேரம். 2007 இல் வெளியான முடிவில், ஒரே மிதமான வேகத்தில் நடந்தவர்களைவிட இப்படி மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடைத் தசை கூடுதலாக உறுதிப்பட்டிருந்தது, இரத்த அழுத்தம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

ட்ரெட்மில்லுக்கு இது கனகச்சிதமாகப் பொருந்தும், கடிகாரம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பயமாக இருந்தால் வேகத்தை அப்படியே விட்டு ஏற்றத்தை மட்டும் மாற்றலாம்: மூன்று நிமிடம் 4 வீதம், மூன்று நிமிடம் பூச்சியம். விரைவான மூன்று நிமிடத்தின் முடிவில் பாட முடியாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு சுற்றுப் போதும்.

இதைத் தொடங்குமுன் குறைந்தது ஒரு மாதமாவது சாதாரணமாகக் கையை விட்டு நடந்து பழகியிருக்க வேண்டும். முதல் கிழமை பத்து நிமிடம், நாலு நாள். இரண்டாம் கிழமை பதினைந்து. இப்படி நேரத்தை முதலில் அரைமணிக்குக் கொண்டுவந்து, பிறகு ஏற்றம், அதற்கும் பிறகு வேகம். ஒரே கிழமையில் இரண்டைக் கூட்ட வேண்டாம், ஏதாவது நொந்தால் எதனால் நொந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடக்கும்போது கால் தசைக்குள் நிறைய இரத்தம் பாய்கிறது, அசையும் தசைதான் அதை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகிறது. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும்.

ஓட வேண்டுமா என்று இளையவர்கள் கேட்பார்கள். 5 வீத ஏற்றத்தில் அரைமணி நேரம் கையை விட்டு நடக்க முடிந்தால் ஓடிப் பார்க்கலாம். ஓடாவிட்டாலும் ஒரு குறையுமில்லை.

கச்சானும் மாரியும் மணலும்

வீதியில் நடந்தால் உடம்பே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேர்வை காயும். மெஷினில் ஒரே இடத்தில் நிற்பதால் அந்தக் காற்று இல்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் வரண்ட காற்று வீசும் நாட்களில் தகரக் கூரையின் கீழே பகல் பதினொரு மணிக்கு ட்ரெட்மில்லில் ஏறுவது நல்லதல்ல. விடியற்காலையில் நடங்கள், மின்விசிறியை நேர் முன்னே வையுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். வெப்பத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், ஆகவே அன்றைக்கு எண்ணைக் குறைப்பதில் தோல்வி எதுவும் இல்லை. மாரி காலத்தில் வீதியெல்லாம் வெள்ளம் நிற்கும்போதுதான் இந்த மெஷின் தன் விலைக்கு வேலை செய்யும்.

மணலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் வளவு மண்ணில் போட்ட சப்பாத்தோடு பெல்ட்டில் ஏறினால் மணல் பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் போய் இரண்டையும் தேய்த்துவிடும். மெஷினுக்கென்று ஒரு சோடி சப்பாத்தை உள்ளே வையுங்கள். ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம், பெல்ட்டில் மாட்டி விழுத்திவிடும். பெல்ட் இறுகினால் அதற்கென்றே உள்ள சிலிக்கன் எண்ணெயைத்தான் விட வேண்டும், தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ கூடாது. கடலுக்குப் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்றுக்குத் துணியால் மூடி வையுங்கள்.

கரண்ட் போனால் பெல்ட் சடுதியாக நிற்கலாம். அந்த நேரத்துக்குத்தான் பக்கக் கம்பி. எட்டினால் பிடிபடும் தூரத்தில், பெல்ட்டின் நடுவில் நடங்கள். சிவப்பு நூலில் ஒரு கிளிப் வரும், நூலின் மறுமுனை மெஷினில் செருகியிருக்கும். கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் பெல்ட்டை ஓடவிடக் கூடாது. நீங்கள் பின்னால் இழுபட்டால் அந்த மறுமுனை கழன்று மெஷினை நிறுத்தும். தொடங்கும்போது இரண்டு பக்க ஓரத்திலும் காலை வைத்து நின்று, பெல்ட் மெதுவாகச் சுற்றத் தொடங்கிய பிறகு காலை வையுங்கள். மெஷினுக்குப் பின்னால் இரண்டு மீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும், சுவரோடு ஒட்டிப் போட்டால் விழுபவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் அந்தக் கிளிப்பை நூலோடு கழற்றி எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். சுற்றும் பெல்ட்டில் ஒரு பிஞ்சுக் கை பட்டால் தோல் உரிந்துவிடும்.

சீனியும் பிரஷரும் உள்ளவர்களுக்கு

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். நடை தானாகவே இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், மருந்தும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் கை நடுங்கிக் கண் இருட்டும். பையில் இரண்டு டொபியாவது இருக்க வேண்டும். இரவுச் சோற்றுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது சாப்பாட்டால் ஏறும் சீனியைத் தணிக்கும், அதற்கு ஏற்றமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். கால் மரத்துப்போனவர்கள் நடந்து முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு நோகாது, அதுதான் பயம்.

இதய நோய் உள்ளவர்களும், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றத்தைத் தொட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ நோவு இறங்கினாலோ, வழக்கத்தில் இல்லாத இளைப்பு வந்தாலோ உடனே நிறுத்தி உட்காருங்கள். குறையவில்லை என்றால் 1990 ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். வாயு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

மாமி இப்போது மணிக்கு 4.2 இல், 3 வீத ஏற்றத்தில், கையை வீசி நடக்கிறார். காலைச் சீனி அளவும் இறங்கியிருக்கிறது. தேத்தண்ணியில் சீனியையும் அவர் விட்டுவிட்டதால் முழுப் பெருமையையும் மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன்.

போன வருடம் என் மச்சாள் கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்த்தி வைத்தபோது இதே மெஷினில்தான் பழகினார். உகந்தையிலிருந்து குமண, யால காடு வழியாகப் பல நாள் நடக்க வேண்டிய பயணம் அது. மூன்று மாதத்தில் ஒரு மணி நேர நடைக்கு வந்துவிட்டார், ஏற்றம் 4 வீதம். அப்போதும் ஒன்றைச் சொல்லி வைத்தேன்: இந்தப் பெல்ட் மணலாகாது, மின்விசிறிக்கு முன்னால் நிற்பது வெயிலாகாது. அதனால் கடைசி ஆறு ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்கு, முதுகில் பையோடு, கல்லடிக் கடற்கரையில் கால் புதையும் மணலாகப் பார்த்து நடந்தார். முதல் ஞாயிறு நாற்பது நிமிடத்தில் கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. ஆறாவது ஞாயிறு நாவலடி முகத்துவாரம் வரை போய்த் திரும்பினார்.